மாதுங்காவில் அடைகாத்த ஐயர்

கோழி அடைகாக்கும், வாத்து அடைகாக்கும், மயில்கூட அடைகாக்கும். மாதுங்காவில் ஓர் ஐயர் அடைகாத்தார். நாற்பத்திரண்டில் அவரோடு ஒரே அறையில் குடியிருந்தவன் என்ற முறையில் சத்தியம் செய்து சொல்கிறேன். சர்டிபிகேட்டில் அவருக்கு ஏதோ நல்ல பெயர் இருந்தது. லாட்ஜில் அவர் பெயர் அடைக்கோழி.

எங்கள் லாட்ஜ் பரம சைவம். வெங்காயமே அங்கே பின்வாசல் வழியாகத்தான் வரும். அங்கே இந்த மனிதர் வயிற்றோடு நாலு கோழிமுட்டைகளைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு, மேலே தொளதொளவென்று ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு நடமாடினார். விஷயம் தெரிந்து, எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த மூன்று பேர் ஓடிவிட்டார்கள். நான் ஊருக்குப் புதிசு. ஓட இடம் கிடையாது.

பரேல் பக்கம் ஒரு கல்லூரியில் அவர் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். சாயங்காலமானால் அங்கே கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். முட்டைக்குச் சூடு கொடுக்கும் பெட்டி ஆறிப்போகும். அதனால் ராத்திரிப் பொறுப்பை வயிறு ஏற்றுக்கொண்டது. அந்த ஆகஸ்டில் ஊரே கொந்தளித்துக் கல்லூரியையும் பூட்டிவிட்டார்களா, முழுநேரப் பொறுப்பும் வயிற்றின் தலையில் விழுந்தது.

ஒருநாள் தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் ஒரு ஜேப்படிக்காரன், ஐயர் பணத்தைத்தான் மடியில் கட்டியிருக்கிறார் என்று நினைத்துக் கையை விட்டான். கை மஞ்சளும் வெள்ளையுமாக வெளியே வந்தது. "அரே பாப்ரே!" என்று அவன் ஓட, அடைக்கோழி விடாமல் துரத்தினார்.

"இருபத்தாறு மணி நேரம்டா! படுபாவி, இருபத்தாறு மணி நேரம்!"

எல்லாம் எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஓய், ரத்தம் மொதல்லே எங்கே உண்டாறது, சொல்லும்?"

"உடம்புக்குள்ளேதான்."

"அதான் இல்லை. கருவுக்கு வெளியிலே, மஞ்சக்கரு மேலே, சின்னச் சின்னச் சிவப்புத் திட்டா உண்டாறது. நெஞ்சு அப்போ அடிக்கவே ஆரம்பிக்கலை. ஒவ்வொரு திட்டும் தனித்தனியா நிக்கும். அப்புறம் குழாயெல்லாம் ஒண்ணுசேர்ந்து, நெஞ்சு அடிச்சு, மெதுவா உள்ளே போய்ச் சேரும்."

புத்தகத்தில் உள்ள விஷயம்தான். ஆனால் தானே பார்த்து, மணிவாரியாகப் படம் வரைந்து கொண்டுவந்தால் மேல்படிப்புக்குச் சேர்த்துக்கொள்வதாகக் கல்கத்தா புரொபசர் ஒருவர் சொல்லியிருந்தார். மாதக் கடைசிதான் கெடு. கூடவே ஒரு நிபந்தனை. நெஞ்சு துடிக்கத் தொடங்குவதை இன்னொருவரும் பக்கத்தில் இருந்து பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். லாட்ஜில் முப்பது பேர் இருந்தோம். முட்டையைக் கண்ணால் பார்க்க ஒருத்தர்கூடத் தயாரில்லை, நான் உள்பட.

அவருக்கு வேறு யாரும் கிடையாது. தபால்காரர் வந்தால் நாங்கள் முண்டியடிப்போம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய், பாலக்காட்டில் வாரச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர். திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை ஒரு வீடு.

"எல்லா ஆத்திலேயும் வயிறு நிறையச் சாதம் போட்டா ஓய். குத்தமே சொல்லப்படாது. வாசல் ரேழிக்கு அந்தண்டை மட்டும் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரக்கப்பட்டு ஒரு காரியம் செய்தேன். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. பென்சிலில் பெருக்கல்குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவதுதான் என் உத்தியோகம். அவர் முட்டையை உடைக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நோட்டைக் கொடும்" என்று வாங்கி, அழகாக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு பிளேடை எடுத்துச் சுரண்டினார்.

"நீர் பாக்கலையே ஓய்."

அவ்வளவுதான். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. வெட்கத்தில் நான் அவர் தூங்கின பிறகுதான் அறைக்குப் போனேன்.

அப்போது ஆவணி அவிட்டம் வந்தது. பூணூல் மாற்ற லாட்ஜே வெற்றுடம்போடு கூடத்தில் உட்கார்ந்திருக்க, அடைக்கோழி மட்டும் மூன்று துண்டுகளை வயிற்றில் சுற்றிக்கொண்டு வந்தார். உள்ளே முந்தின நாள் விடியற்காலையில் கட்டிய நாலு முட்டைகள். கடைசி நேரம் வரை சமாளித்துவிட்டார். முடிவில் சாஸ்திரிகள் சொன்னார்: "எல்லாரும் நமஸ்காரம் பண்ணுங்கோ."

மற்ற எல்லாரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தோம். அடைக்கோழி நின்றார். சாஸ்திரிகள் முறைத்தார். அடைக்கோழி பிள்ளைத்தாச்சி மாதிரி ஒரு கையை ஊன்றி, பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்தார். துண்டு நெகிழ்ந்தது. ஒரு முட்டை உருண்டு போய்ச் சாஸ்திரிகளின் தர்ப்பைக்கட்டில் முட்டி உடைந்தது.

"சிவ சிவா!" என்று அவர் மணைமேல் ஏறி நின்றுகொண்டார். லாட்ஜ் மானேஜர் சாமா ஒரு மூச்சு, மந்திரம் தவிர மற்றதெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

"இப்போவே காலி பண்ணும்! பாத்திரத்தைத் தொடப்படாது!"

அடைக்கோழி உடனே அறைக்குப் போய்ச் சாமான்களைக் கட்டினார். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது என்னைப் பார்த்து, "இன்னும் மூணு இருக்கு ஓய். ஏழு மணி நேரம் போகணும்" என்றார். இடம் போன கவலையைவிட அந்த ஏழு மணி நேரக் கவலைதான் முகத்தில் இருந்தது.

மத்தியான விருந்து முடிந்து எல்லாரும் படுத்தார்கள். எனக்குப் படுக்க முடியவில்லை. வெளியே வந்தேன். எதிர்ச்சாரி இரானி ஹோட்டலில், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதுங்காவில் முட்டையோடு வருகிறவரை உட்காரச் சொல்ல வேறு எந்த இடம் இருந்தது? புதுப் பூணூலோடு நான் முதல்முறையாக இரானி ஹோட்டல் படி ஏறினேன்.

சாயங்காலம் நேரம் ஆனதும், முட்டையை உடைத்து விடச் சாஸர், வெந்நீர், உப்பு கேட்டோம். பையன் முட்டையைப் பார்த்து, "ஆம்லெட் பனாவூம் க்யா, சேட்?" என்றான். "அய்யோ, வேண்டாம்!" என்று அலறியது நான்.

முதல் முட்டை கூமுட்டை. இரண்டாவதில் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். பார்த்தேன். நடுவில் ஒரு சின்னப் புழு போலக் கரு. சுற்றிலும், அதைவிட்டு எட்ட, சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள், ஒன்றையொன்று தொடாமல். வெந்நீரை மூன்று தடவை மாற்றினோம். திடீரென்று கருவில் ஏதோ துள்ளியது. நின்றது. மறுபடி துள்ளியது.

"அடிக்கறது ஓய்! அடிக்கறது!" என்று நான் கத்தியதில் ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. வெகுநேரம் கழித்து ஒரு சிவப்பு இழை அசைந்து உள்ளே போயிற்று. நிமிர்ந்தபோது அடைக்கோழி சாஸரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டேன். தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் சேர்த்துப் போட்டேன்.

தாராவியில் தோல் ஷெட்டுகளுக்கு நடுவே ஓர் அறை பார்த்துக்கொண்டார். அன்றைக்கு நான் மானேஜரிடம் அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. பிரியும்போது அவர் கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை வருவீரா? காட்டறத்துக்கு ஒண்ணும் இருக்காது. சும்மாதான்."

போனேன். மேல்படிப்புக்கு அவர் கல்கத்தா போகும்வரை ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அதற்கப்புறமும் சில ஞாயிறுகளில் சட்டையை மாட்டிக்கொண்டு பாதி வழி நடந்த பிறகுதான், அவர் அங்கே இல்லை என்பது எனக்கு நினைவு வரும்.