உடும்பு வீட்டுக்குச் சூடு தேடிய குழு

ஒரு காட்டில் ராஜாவாக இருந்த சிங்கம் செத்துப்போய், அந்த இடத்தில் ஒரு குழு உட்கார்ந்திருந்தது. சிங்கமாவது பசித்தால்தான் தொல்லை கொடுக்கும்.

அது குளிர் எலும்பைக் கடிக்கும் மலைக்காடு. அங்கே பாட்டன் காலத்துப் பாறைவீடு ஒன்றில் சிலம்பாயி என்ற உடும்பு குடியிருந்தது. சுவரெல்லாம் சந்து, சந்தெல்லாம் காற்று. உடும்புக்கோ உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வீடு சூடாக இருந்தால் ஓடும், பேசும். குளிர்ந்தால் விறைத்துக் கிடக்கும். அதனால் ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பை எரித்துக் காலம் தள்ளியது. அந்த வருஷம் மூலையில் முட்டைகளும் இட்டிருந்தது. குளிர் பட்டால் ஒன்றுகூடப் பொரியாது.

ஒருநாள் குழு வந்தது. தலைவர் காட்டெருமை. உறுப்பினர்கள் கரடியும் கருங்குரங்கும்.

"உன் கணப்புப் புகையால காடே கெட்டுப்போகுதும்மா. புகையில்லாத வழி ஒண்ணு தேர்ந்தெடுத்துத் தரப்போறோம்" என்றது காட்டெருமை. அதில் பொய்யில்லை. புகை கெட்டதுதான்.

"நல்லதுங்கய்யா. அது வர்ற வரைக்கும் இது எரியட்டுமே? முட்டை இருக்கு."

"கொள்கைன்னா கொள்கைதான்."

கரடி கணப்பைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் குகையில் பத்திரப்படுத்திவிட்டு வந்தது. இருந்ததைப் பிடுங்குவதில் குழுக்களுக்கு இருக்கும் சுறுசுறுப்பு வேறெதிலும் இருந்ததில்லை. அதற்குள் சிலம்பாயி விறைத்துவிட்டது.

"ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டது காட்டெருமை. உடும்பால் வாயைத் திறக்க முடியவில்லை.

"இல்லையாம்" என்றது குரங்கு.

கூட்டம் அங்கேயே தொடங்கியது. முதுகில் காற்று அடிக்கிறதென்று காட்டெருமை வாசலை அடைத்துக்கொண்டு படுத்தது. "வெளிக்காத்துல இருக்கிற சூட்டை இழுத்து உள்ளே விடுற பம்பு வைக்கலாம்" என்றது கரடி. "கூரையில சோலார் தகடு போடலாம்" என்றது குரங்கு. சூரியனே எட்டிப் பார்க்காத மாசம் அது. இரண்டும் கத்தின. மூன்று கொழுத்த உடம்பும் மூச்சும் சேர்ந்து வீடு கதகதப்பானது. சிலம்பாயிக்கு நாக்கு அசைந்தது.

"ஐயா, எதை வெச்சாலும் முதல்ல இந்தச் சுவர்ச் சந்துகளையெல்லாம் அடைக்கணும். இல்லேன்னா சூடு நிக்காது."

"படிச்சவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்ற கரடி, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சந்தில் மட்டும் பாசியைத் திணித்துக்கொண்டது.

கடைசியில் பம்பு என்று முடிவானது. "அடுத்த குளிருக்குள்ள வந்துரும்" என்று காட்டெருமை எழுந்தது. குபீரென்று குளிர்காற்று உள்ளே பாய, சிலம்பாயியின் வால் மரத்துப்போனது. சிலம்பாயி முட்டைகளைப் பார்த்தது. பிறகு அதுவரை வாசலை அடைத்திருந்த அந்தப் பெரிய பின்புறத்தைப் பார்த்தது. விஷயம் விளங்கிவிட்டது.

"ஐயா! ஒரு சந்தேகம். பம்பு சத்தம் போடுமா?"

குழு உட்கார்ந்தது. சந்தேகம் என்று கேட்டுவிட்டால் குழுவுக்குப் பசிகூட மறந்துவிடும். அது தீர்ந்ததும், "பம்பு வேண்டாம்னு தகடே போட்டா, அதுல ஆலங்கட்டி விழுந்தா?" என்றது உடும்பு. அதுவும் தீர்ந்ததும், "இதுக்கெல்லாம் ஒரு துணைக்குழு வேண்டாமுங்களா?" என்றது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? பகலும் இரவும் கூட்டம் நடந்தது. துணைக்குழுவும் அங்கேயே நெருக்கியடித்து உட்கார்ந்தது.

ஒரு காலையில் முட்டைகள் பொரிந்தன. குட்டிகள் காட்டெருமையின் காலுக்கடியில் நுழைந்து ஓடின.

"யாருய்யா அது? உறுப்பினர் அல்லாதவங்க வெளியே போகணும்!"

சிலம்பாயி குட்டிகளோடு வெளியே போனது. வெளியே வெயில் காலமே வந்துவிட்டிருந்தது. வழியில் ஆமை மறித்துக் கேட்டது.

"என்ன கணப்பு வாங்கினே அக்கா? எங்க வீடும் பழசு. குளிர் தாங்கலை."

"கணப்பே வாங்கலை. பெரிய மனுஷங்களைப் பிடிச்சு உள்ளே உட்கார வெச்சேன். புகையே கிடையாது."

நீதி: பெரியவர்களால் பயனே இல்லை என்று பேசாதே. கதவைச் சாத்தி உள்ளே உட்கார வை. முடிவெடுக்க மட்டும் விட்டுவிடாதே.