ரோசிக்குக் காத்து பிரியவில்லை

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. 'புரியவில்லை' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோதே கரண்டு பில், மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அப்பா என்னிடம்தான் நீட்டுவார். தெரியாது என்றால், "பிறகு என்னத்துக்குலே பள்ளிக்கூடம் போற?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து எதையாவது சொல்லிவைப்பேன். ஒருமுறை தலைவலி மாத்திரையைப் பூச்சி மாத்திரை என்று சொல்லிவிட்டேன். (அதைப் போட்டதும் வயிறு சுத்தமானதாக அப்பா இன்றைக்கும் நம்புகிறார்.)

பட்டம் வாங்கியதும் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வீட்டில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும், டாக்டர் பேசப் பேசத் தலையாட்டுவது என் வேலை. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது அந்த வேலையை மிகச் சிறப்பாகச் செய்தேன். "கேஸ் போச்சா?" என்று நர்ஸ் வேளாவேளைக்கு வந்து கேட்பார். காத்து பிரிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. அப்பா இட்லியை இடுப்பில் ஒளித்துக் கொண்டுவந்தபோது வார்டு வாசலிலேயே மடக்கிப் பிடித்தவன் நான். கடைசியில் காத்து பிரிந்த செய்தியை வராந்தா முழுக்க அறிவித்தவனும் நான்தான். (அம்மா அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.)

இந்த அனுபவத்தோடுதான் ரோசி என் கையில் வந்து மாட்டியது.

ரோசி ஒரு வெள்ளை முயல். கல்யாணமாகி என் மனைவி பிரின்சி எரியோட்டிலிருந்து எங்கள் மேட்டுப்பட்டி வீட்டுக்கு வந்தபோது, பீரோ, கட்டிலோடு அதுவும் வந்து இறங்கியது. முதல் நாள் அதைத் தூக்கிப் பார்த்த அப்பா, எத்தனை கிலோ தேறும் என்று விசாரித்தார். மருமகளின் முகம் போன போக்கைப் பார்த்ததிலிருந்து, காய்கறி மார்க்கெட்டுக்குக் குட்டியானை வண்டியில் லோடு அடித்துத் திரும்பும்போதெல்லாம் ஒரு கட்டு முள்ளங்கித் தழையோடுதான் வீட்டுக்குள் நுழைந்தார்.

பெட்டை முயலுக்குக் கருப்பையில் கட்டி வர வாய்ப்பு அதிகம், கருப்பையையே எடுத்துவிடுவது நல்லது என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். குறித்த நாளில் பிரின்சி வேலை பார்க்கும் பள்ளியில் பத்தாவதுக்கு ரிவிஷன் பரீட்சை, லீவு கிடைக்கவில்லை. நான் லீவு போட்டேன். கல்யாணமான புதிது. அவள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் இது.

"வந்ததும் மல்லித்தழை வைங்க. ஃப்ரிட்ஜ்ல கழுவி வச்சிருக்கேன். புல்லும் வைங்க" என்றாள். ரோசியை அன்று காலையிலும் சாப்பிடவிட்டுத்தான் அனுப்பினாள். டாக்டரே அப்படித்தான் சொன்னாராம். ஆபரேஷனுக்குப் போகிற உயிரை எந்த டாக்டர் தின்னச் சொல்வார்? பாவம், பாசத்தில் தப்பாகக் காதில் வாங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் கணக்கில் அந்த மல்லித்தழைக்கும் அப்பா ஒளித்துக் கொண்டுவந்த இட்லிக்கும் வித்தியாசமே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் ரோசியைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, மென்மையான குரலில் ஏதேதோ சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். குதிக்க விடாதீர்கள், தையலை நக்குகிறதா என்று பாருங்கள், இது வலி மருந்து என்றவர், கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். அது மட்டும் கணீரென்று மண்டையில் ஏறியது.

"முயலுக்கு கேஸ்தாங்க முக்கியம். அதை மட்டும் கவனமாப் பாத்துக்கோங்க."

"தெரியும் சார்" என்றேன். "எங்க அம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான் சார். நான்தான் கூட இருந்து பார்த்தேன்."

டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மரியாதையாகப் பார்ப்பதாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மல்லித்தழையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். தண்ணீர்க் கிண்ணத்தை அலமாரி மேல் ஏற்றினேன். வலி மருந்தைக் கொடுக்கவில்லை. வெறும் வயிற்றில் மருந்து ஆகாது என்பது படிக்காதவனுக்குக்கூடத் தெரியுமே. பிறகு அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து, காத்து பிரிந்தால்தான் சாப்பாடு, எல்லோரும் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டேன்.

அப்பா தரையில் குப்புறப் படுத்து ரோசியின் பின்பக்கத்தில் காதை வைத்தார். செத்த நேரம் கழித்து, "ஏலே, முயலு விட்டா சத்தம் கேக்குமாலே?" என்றார்.

அது எனக்கும் தெரியாது. கேட்கும் என்றேன்.

சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காக ஃபேனை நிறுத்தினோம். வேர்வையில் மூவரும் குளித்தோம். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக எட்டி, "ஏத்தா, அதைச் செத்த நிப்பாட்டு. எங்க வீட்டு முயலுக்குக் காத்து பிரியணும்" என்றார். மிக்சி நின்றுவிட்டது. அந்த அம்மாள் அன்றைக்குச் சோற்றுக்கு வெஞ்சனத்தை எப்படி முடித்தாரோ தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தலை மட்டும் நெடுநேரம் நின்றது.

ஆபரேஷன் ஆனவர்களை நடக்க வைக்கவேண்டும் என்ற ஞாபகம் அடுத்து வந்தது. துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கி, அம்மாவை வராந்தாவில் நடத்தியது போலவே ரோசியையும் நடத்தப் பார்த்தேன். அது ஒரு அடிகூட வைக்கவில்லை. மூலையில் போய்ப் பந்து போலச் சுருண்டு, கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தது.

"கோவமா இருக்காலே" என்றார் அப்பா.

"பசிப்பா. பொறுத்துக்கத்தான் வேணும்" என்றேன். ஒரு பெரிய டாக்டர் பேசுவது போலத்தான் எனக்கே கேட்டது.

சாயங்காலம் பிரின்சி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ரோசியிடம் போய் உட்கார்ந்தாள். அடியில் விரித்திருந்த துணியைப் புரட்டிப் பார்த்தாள். துணி துவைத்துப் போட்டது போல இருந்தது.

"புழுக்கையே போடலையே. என்ன சாப்பிட்டுச்சு?"

"ஒண்ணும் குடுக்கலை" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "இன்னும் காத்து பிரியலை."

போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் படபடவென்று பேசினார்.

"முயலுக்கு வயிறு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கணும்மா. பட்டினி போட்டா குடல் நின்னுரும், உள்ள கேஸ் கட்டும். கட்டினா உசிருக்கே ஆபத்து. கேஸ் முக்கியம்னு நான் சொன்னது அதுதான். பல்லைக் கடிக்கிறது வலி. உடனே தூக்கிட்டு வாங்க." பிறகு ஒன்றைச் சேர்த்தார். "உங்க வீட்டுக்காரர் எல்லாம் தெரியும்னாரேம்மா."

வெங்காயக் கூடையில் துண்டை விரித்து ரோசியை வைத்து, பிரின்சி அதை மடியில் ஏற்றிக்கொண்டு அப்பாவின் வண்டியில் முன்னால் உட்கார்ந்தாள். எனக்கு இடம் பின்னால், காலி முருங்கைக்காய்ச் சாக்குகளோடு. ஆயிரம் கிலோ தக்காளியைத் தூக்கிக்கொண்டு பறக்கிற மனுஷன், அன்று ஒவ்வொரு வேகத்தடையையும் கோயில் தேர் போல ஏறி இறங்கினார். பின்னால் வந்த பஸ்கள் அடித்த ஹாரனெல்லாம் என்னைத் திட்டுவதாகவே பட்டது. பின்கண்ணாடி வழியே பிரின்சியின் தோள் குலுங்குவது தெரிந்தது. ரோசி செத்துப்போனால் இந்த வீட்டில் நான் இனி எதைப் படித்துச் சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை என்று தோன்றியது. அந்தோணியாருக்கு ஒரு முயல் பொம்மை நேர்ந்துகொண்டேன்.

டாக்டர் வலிக்கு ஊசி போட்டார். கதகதப்புக்கு வெந்நீர்ப் பை வைத்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த தீவனத்தை எடுத்து, வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பிறகு காத்திருக்கச் சொன்னார். நால்வரும் ஒரு முயலின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் மிளகு போல ஒன்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

பிரின்சி அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். கோயிலில் நான் மோதிரம் போட்டபோதுகூட அவள் முகம் அப்படி மலரவில்லை. அப்பா வெளியே போய் அம்மாவுக்குப் போன் போட்டார். "ஏய், போட்டுட்டாடி. ரெண்டு" என்று அவர் கத்தியதில், ரோட்டில் போன ஒருவர் ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இது நடந்து சில மாதங்கள் கழித்து அம்மாவைப் பிரஷர் பார்க்கக் கூட்டிப்போனேன். டாக்டர் விளக்கிவிட்டுப் புரிந்ததா என்றார். "புரியலை சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். வெளியே வந்ததும் அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. "இம்புட்டுப் படிக்க வச்சும் புரியலைங்கிறியே அப்பு" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் புலம்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருவோம். எல்லோர் தட்டிலும் சோறு விழும். என் தட்டுக்கு முன்னால் பிரின்சியின் கரண்டி வந்ததும் அப்பா கையை நீட்டி மறித்துவிடுவார்.

"இரு தாயி. காத்து பிரிஞ்சுதான்னு கேட்டுட்டு அவனுக்குப் போடு."

பிரின்சியும் முகத்தில் சிரிப்பே காட்டாமல், "பிரிஞ்சுதாங்க?" என்று கேட்பாள். நான் ஆமாம் என்று வாயால் சொன்னால்தான் சோறு விழும், தலையாட்டினால் செல்லாது. மூலையில் ரோசி மல்லித்தழையை மென்றுகொண்டே இருக்கும். அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.