உள்ளறை அமைதித் திட்டம்

மனித குலத்தின் அமைதிக்காகப் பாடுபட்டவர்கள் எத்தனையோ பேர். மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் போட்டார்கள், கைகுலுக்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகத் தவழும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உள்ளே அமைதியை நிலைநாட்ட, இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தியாகம் செய்தவர் ஒரே ஒருவர்தான். அந்த மாமனிதரின் மனைவியாக இருக்கும் பாக்கியம் அவளுக்குக் கிடைத்திருந்தது.

அவர் ஒரு பெரிய நிறுவனத்தில் 'செவிமடுத்தல்' பயிற்சித் துறையின் தலைவர். ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று ஊழியர்களுக்கு மாதம் நாலு வகுப்பு எடுப்பார். வகுப்பு மூன்று மணி நேரம். மூன்று மணி நேரமும் அவர் ஒருவரே பேசுவார். "கேட்பவர் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், நிதானமாகத் தலையாட்ட வேண்டும்" என்பது அவருடைய புகழ்பெற்ற முதல் விதி. இரண்டாவது விதி வரும்போது எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவள் பத்தொன்பது வருடமாகக் கணக்கு டீச்சர். அவளுடைய குரல் கடைசி பெஞ்சைத் தாண்டிச் சுவரையும் தாண்டும். "உங்க புண்ணியத்துல என் பசங்களும் வாய்ப்பாடு கத்துக்கிட்டாங்க" என்று அடுத்த வகுப்பு டீச்சர் சொன்னதுண்டு.

இரண்டு மாதம் முன்பு பள்ளி நிர்வாகம் அவளைக் கூப்பிட்டனுப்பியது. எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில், மலையூர் ஒன்றில் புதிதாகத் திறக்கப்போகும் கிளைப் பள்ளிக்கு அவள்தான் தலைமை ஆசிரியை. அடுத்த மாதம் முப்பதாம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். மனதுக்குள் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டாள். கணவரிடம் அனுமதி கேட்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஆனால் இருபத்து நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் "அப்படியா" என்று சொல்வதைக் கேட்க வேண்டும் போலிருந்தது. சந்தோஷமாகவோ கோபமாகவோ, எப்படிச் சொன்னாலும் சரி. அந்த ஒரு "அப்படியா" இல்லாமல் பெட்டி கட்டினால், போகும் இடத்தில் தான் முழுதாகப் போய்ச் சேரமாட்டோம் என்று தோன்றியது.

"என்னங்க, ஒரு முக்கியமான விஷயம்," என்று சோபாவில் ஆரம்பித்தாள்.

"முக்கியமான விஷயமா? அப்ப இங்க வேண்டாம்," என்றார் அவர், கையை உயர்த்தி. "டிவி ஓடுது, ஃப்ரிட்ஜ் உறுமுது. உரையாடலுக்குன்னு ஒரு 'சூழல்' வேணும்மா. ஞாயித்துக்கிழமை கார்ல பேசலாம்."

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அதைப் பிரிக்காமலே இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "எழுத்துங்கறது 'ஒருவழித் தொடர்பு'. என் மனைவிகிட்ட நான் அப்படி நடந்துக்குவேனா?"

ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறினாள். ஏறினாள் என்பது தவறு, இறங்கினாள். இருக்கை கணுக்கால் உயரத்தில் இருந்தது. "நான் ஓட்டட்டுமா?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "இந்த வண்டிக்குன்னு ஒரு கால் பக்குவம் வேணும்" என்று பதில் வந்திருந்தது. ஆகவே இடது இருக்கை.

புறவழிச் சாலை காலியாகக் கிடந்தது.

"என்னங்க, ஸ்கூல்ல எனக்குத் தலைமை..."

கார் கர்ஜித்தது. அவள் நிறுத்தினாள். கர்ஜனையும் தணிந்தது.

"தலைமை ஆசிரியை போஸ்ட்..."

மறுபடியும் கர்ஜனை. அவர் காதைத் தொட்டுக் காட்டி வருத்தமாகச் சிரித்தார். "கேக்கலம்மா! டயர் சத்தம், சைலன்சர் சத்தம். இதுக்குள்ள மனுஷங்க பேச முடியுமா?"

"அப்ப ஓரமா நிறுத்திப் பேசலாமே?"

"நிறுத்தி வைக்கவா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன்?"

அன்று குளியலறைக் கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் சந்தேகம் வந்துவிட்டது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் இரைச்சலை ஒரு சொல்லில் அடக்குகிற குரல், இந்த ஒரு மனிதரின் பக்கத்தில் மட்டும் மெலிந்துவிடுகிறதா? மறுநாள் வகுப்பில் ஒன்றுக்கு இரண்டு முறை, "கேக்குதா?" என்று கேட்டாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அவர் அறிவித்தார்: "உனக்காக இந்த வண்டியோட சத்தத்தைக் குறைக்கப் போறேன்."

உனக்காக. அந்தச் சொல்லில் அவள் உண்மையாகவே உருகிப்போனாள்.

'உள்ளறை அமைதித் திட்ட'த்தின் முதல் கூட்டம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. தலைமை: அவர். உறுப்பினர்: அவள். சிறப்பு அழைப்பாளர்: 'டாக்டர்'. டாக்டர் என்பவர் பட்டறைக்காரர். காரின் கதவில் ஸ்டெதஸ்கோப் வைத்து, கண்ணை மூடி, எந்தத் தகடு அதிர்கிறது என்று கண்டுபிடிப்பவர் என்பதால் ஊரே அப்படிக் கூப்பிட்டது. கூட்டத்தில் ஐந்து பொருள்கள்: டயர், தரை, கதவு, சைலன்சர், 'இதர விஷயங்கள்'. அவளுடைய விஷயம் ஐந்தாவதில் வந்தது. நாலாவது முடிந்ததும் நேரம் முடிந்தது.

டாக்டர் தன் வைத்திய முறையை விளக்கினார். "சார், ஒவ்வொரு கட்டமும் முடிஞ்சதும் அதே ரோடு, அதே வேகம், ஒரு ஓட்டம் ஓடணும். இடது சீட்ல தலை சாய்க்கிற இடத்துல ஒரு மைக் வெப்பேன். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி. உள்ள என்ன சத்தம், அந்த நேரம் எஞ்சின் என்ன வேகத்துல சுத்துது, ரெண்டும் பதிவாகும். பேச்சுகூட விழும், அதனால ரகசியம் எதுவும் பேசிடாதீங்க."

அவர் டாக்டரின் கண்ணைப் பார்த்து, நிதானமாகத் தலையாட்டினார்.

"இன்னொண்ணு. இடது சீட்ல எப்பவும் ஒரே எடை இருக்கணும். மணல் மூட்டை இருக்கு என்கிட்ட."

"எதுக்கு மூட்டை? இவ வருவா," என்றார் அவர் பெருந்தன்மையோடு.

இப்படியாக அவள் திட்டத்தில் ஓர் அதிகாரப்பூர்வமான பதவியைப் பெற்றாள்.

முதல் கட்டத்தில் டயர்களை மாற்றினார்கள். எண்பத்து நாலு டெசிபல் காட்டிய சத்த மீட்டர் எண்பதுக்கு இறங்கியது. இரண்டாம் கட்டத்தில் காரின் குடலையே உருவினார்கள். இருக்கைகள் வெளியே வந்தன, கம்பளம் சுருண்டது. தார் பூசியதுபோன்ற கருப்புத் தாள்களை டாக்டர் சூடுகாட்டித் தகட்டில் ஒட்டி, கைஉருளையால் குமிழி இல்லாமல் தேய்த்தார். அதன்மேல் ரப்பர் நுரை, அதன்மேல் பஞ்சு. "மூணு அடுக்கு டீச்சர்," என்றார் பெருமையாக. "இது மேல யானை மிதிச்சாலும் பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாது." மீட்டர் எழுபத்து நாலு.

மூன்றாம் கட்டம், கதவுகள். இப்போது ஒரு புது வேடிக்கை. பெரிய சத்தம் போனதும், அதுவரை அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சீட் பெல்ட்டின் கொக்கி டிக் டிக்கென்றது. டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு பேனா உருண்டது. அவர் மூக்கால் மூச்சு விடுவதில் ஒரு சின்ன விசில் இருப்பதை, இருபத்து நாலு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டாள். அது ஏனோ அவளைத் தொட்டது. இத்தனை பக்கத்தில் வந்துவிட்டோம், இனி சொல்லிவிடலாம்.

"என்னங்க, முப்பதாம் தேதிக்குள்ள..."

கார் கர்ஜித்தது.

"கேக்கலம்மா! இன்னும் சைலன்சர் பாக்கி இருக்கு. பொறுமையா இரு. உனக்காகத்தானே இவ்வளவும்?"

நாலாம் கட்டத்தில் சைலன்சரோடு இன்னொரு டப்பாவும் சேர்ந்தது. மீட்டர் அறுபத்து நாலு. நூலகத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். நூலகம் கர்ஜித்தது.

"சே! என்னமோ ஒரு குறை இருக்கு இதுல," என்று அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "டாக்டர் கண்டுபிடிச்சே ஆகணும். நான் விடமாட்டேன்."

அவரே விடாததால், டாக்டரும் விடவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி காலை. அவர் 'நிறைவு விழா'வுக்கென்று கோட்டுப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அவளும் வந்தாள். பையில் பள்ளி நிர்வாகத்தின் கடிதம் இருந்தது. மறுநாள் கடைசி நாள்.

டாக்டரின் முகம் வாடியிருந்தது. சுவரில் நீளமான தாள் ஒன்றை ஒட்டியிருந்தார். மேலே 'நோயாளியின் சரித்திரம்' என்று எழுதியிருந்தது. சிவப்புக் கோடு சத்தம், நீலக் கோடு எஞ்சின் வேகம்.

"வண்டியில குறையே இல்ல சார். அதான் எனக்குத் தூக்கம் போச்சு. நாலு ஓட்டத்துலயும் சேர்த்து ஒன்பது இடத்துல சத்தம் எகிறுது. மேடா? இல்ல. பள்ளமா? இல்ல. முன்னாடி வண்டியா? அதுவும் இல்ல. அப்புறம்தான் பதிவைப் போட்டுக் கேட்டேன்."

"கேட்டீங்களா?" என்றார் அவர். குரலில் ஏதோ ஒரு திருகு கழன்றது.

"அதான் அன்னிக்கே சொன்னேனே சார், பேச்சும் விழும்னு. நீங்கதான் நல்லா தலையாட்டினீங்களே."

டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். பட்டறை முழுக்க அவளுடைய குரல் நிறைந்தது. தெளிவான, கணீரென்ற, கடைசி பெஞ்சுவரை போகும் குரல். "என்னங்க, எனக்குத் தலைமை ஆசிரியை போஸ்ட் குடுத்திருக்காங்க..." பிறகு கர்ஜனை. அடுத்தது: "மலையூர் ஸ்கூலுக்கு..." கர்ஜனை. அடுத்தது: "முப்பதாம் தேதிக்குள்ள..." கர்ஜனை.

"பாருங்க சார்," டாக்டர் தொழில் உற்சாகத்தில் விரலைக் கோட்டின்மேல் ஓட்டினார். "டீச்சர் வாயத் திறந்ததும் ஒரே செகண்ட்ல நீலக் கோடு ரெண்டாயிரத்துலேர்ந்து ஆறாயிரம். வாயை மூடினதும் மறுபடி ரெண்டாயிரம். ஒன்பது தடவையும் இதேதான். எஞ்சின் தானா இப்படிச் செய்யாது. மெதுவா ஆரம்பிச்சா மெதுவா எகிறுது, வேகமா ஆரம்பிச்சா வேகமா எகிறுது. என்ன ஒரு துல்லியம்!" சற்று நிறுத்தி, அவள் பக்கம் திரும்பினார். "ஆமா, வாழ்த்துக்கள் டீச்சர். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆயிட்டீங்க. ஒன்பது தடவை கேட்டும் இப்பதான் சொல்ல வாய்ச்சுது."

அவள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோடுகள் அவளுக்குப் புதிதல்ல. ஒன்று ஏறினால் இன்னொன்றும் ஏன் ஏறுகிறது என்று பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வருடமாக விளக்கியவள். கடைசி பெஞ்சில் காது கேட்காததுபோல் நடிப்பவனை, கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போதே கண்டுபிடிப்பவள். இத்தனைக்கும் இந்த ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் தெரியவில்லையோ என்னவோ. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தன் குரல் நன்றாக இருக்கிறது என்ற நிம்மதிதான் முதலில் வந்தது.

"அது... அந்த எஞ்சினோட 'சுபாவம்'," என்றார் அவர். "மனுஷக் குரலுக்கு ஈடுகொடுக்கற ஒரு..."

"இல்ல சார்," என்று டாக்டர் வேதனையோடு தலையசைத்தார். பிறகு நேர்மையான மனிதர் என்பதால், சான்றிதழை எழுதி முத்திரை குத்தி நீட்டினார்: 'வாகனத்தில் குறையில்லை. எஞ்சியுள்ள சத்தத்தின் மூலம்: ஓட்டுநரின் வலது கால். இது பட்டறையில் தீரக்கூடியதல்ல.'

அவள் சான்றிதழை வாங்கி, பள்ளிக் கடிதத்தோடு சேர்த்துப் பையில் வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "சாவி."

"இந்த வண்டிக்குன்னு ஒரு கால்..." என்று அவர் ஆரம்பித்தார். டாக்டர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். அவர் முடிக்கவில்லை, சாவியைக் கொடுத்தார்.

புறவழிச் சாலை காலியாகக் கிடந்தது. அவள் நிதானமாக ஓட்டினாள். சத்த மீட்டர் அறுபத்திரண்டு. அவருடைய மூக்கின் விசில் கேட்டது.

"என்னங்க," என்றாள், சாலையைப் பார்த்தபடி. "நாளைக்கு நான் சம்மதம் சொல்றேன். ஒண்ணாம் தேதி கிளம்பறேன்."

கண்ணின் ஓரத்தால் கீழே பார்த்தாள். இடது இருக்கையின் காலடியில், பளபளக்கும் கருப்பு ஷூவுக்குள், அவருடைய வலது கால் கம்பளத்தை அழுத்திக்கொண்டிருந்தது. குதிகால் நடுங்க, முழங்கால் விறைக்க, ஆறாயிரத்தைத் தாண்டும் அழுத்தல்.

டாக்டரின் வேலை முதல் தரம். மூன்று அடுக்கு. கணவர் அழுத்தினார், அழுத்தினார், மலையூருக்குப் பிரியும் வளைவு தாண்டும்வரை அழுத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை.