நிமிடம் வெட்டுகிறவர்

தன் நேரத்தைப் பார்த்து நடக்கிறவர்களால் உலகத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை. அடுத்தவன் நேரத்தைப் பார்க்கவென்றே ஒரு கூட்டம் பிறந்திருக்கிறதே, அதுதான் நம் விஷயம். நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆறுதலாகத் தேநீரை வாயில் வைக்கப் போவீர்கள். தூண் மறைவிலிருந்து முதலில் ஒரு கைக்கடிகாரம் எட்டிப் பார்க்கும், பின்னால் ஆள் வருவார்.

ஒஸ்லோவில் அந்த ஆளுக்குப் பெயர் சண்முகலிங்கம். அலுவலகக் கட்டடங்களைத் துடைத்துத் துப்புரவாக்கும் கம்பனி ஒன்றில் சுப்பவைசர். வீடிருக்கும் ஹொல்ம்லியாவிலிருந்து வரும் ரயில் பிந்தினால், சாரதிக்குக் கேட்கும்படி நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

இரண்டாயிரத்து நாலில் கம்பனி ஒரு நல்ல காரியம் செய்தது. அரைநேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரிக் காப்புறுதி. அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் காத்துக் கிடக்கத் தேவையில்லை. ஆறு மாதக் கணக்கைப் பார்த்து ஆளைச் சேர்ப்பார்கள். "எல்லாருடைய நேரத்தையும் சரியாக எழுதுங்கள்" என்றார் தூரில் என்ற நோர்வேக்கார மனேச்சர். சரியாக எழுது என்றால் குறைத்து எழுது என்று கேட்கும் காது ஒன்று உண்டு. அந்தக் காது இவருக்கு இரண்டு பக்கமும் இருந்தது. கரும்பு தின்னக் கூலியா?

வாளியில் தண்ணீர் நிறையும்வரை நிற்பது வேலையா? வெட்டு. லிஃப்டில் போகும்போது கை சும்மாதானே இருக்கிறது? வெட்டு. தரை துடைக்கும் கிளெமென்ற் தும்மிவிட்டு மூக்கைத் துடைத்தான்; அவன் மூக்கு கம்பனியின் தரையல்லவே என்று அதையும் வெட்டினார்.

"அண்ணை, மூச்சு விடுறதையும் வெட்டுவியளோ?"

"வேலை செய்துகொண்டு விட்டால் வெட்டமாட்டன். நீதி எண்டால் நீதி."

நீதிமான்! சொந்த மனைவி மங்களேஸ்வரிக்கும் அங்கேதான் வேலை, அவருக்கும் சலுகை இல்லை. மத்தியானத்தில் அவர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, இவருடைய சோற்றைச் சூடாக்கி, குழம்பு வேறு பொரியல் வேறாக மேசையில் வைப்பார். இவர் முதல் கவளத்தை மென்றபடியே எழுதுவார்: மங்களேஸ்வரி, கால்மணி, வேலையில்லை. எழுதியதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படவும் செய்வார்.

அந்த மங்களேஸ்வரியின் முழங்கால் வீங்கியது. படிக்கு ஒரு "முருகா" போட்டுத்தான் இறங்கினார், சோறு மட்டும் நேரம் தவறவில்லை. ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த திகதியோ அடுத்த பனிக்காலத்துக்கும் அப்பால். ஒருநாள் காலை அவரால் சப்பாத்துப் போடக் குனிய முடியவில்லை. சண்முகலிங்கம் முழந்தாளிட்டுப் போட்டுவிட்டார். அப்போதுதான் அந்த வீக்கத்தைக் கிட்டத்தில் கண்டார்.

"பயப்பிடாதையும். கம்பனிக் காப்புறுதி இருக்கெல்லே" என்று சொல்லிவிட்டு நேரே மனேச்சரிடம் ஓடினார்.

தூரில் கணினியைத் தட்டிப் பார்த்தார். "உங்கள் மனைவிக்கு அரைநேரத்துக்குக் கொஞ்சம் குறைகிறதே. தினமும் கால்மணி வெட்டியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார்?"

கேட்டாரே ஒரு கேள்வி! சண்முகலிங்கம் கூரையைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், ஆயுளில் முதன்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குச் சோறு சூடாக்கித் தந்தார்."

"நீங்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டே எழுதினீர்களா?"

இவர் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தார்.

"முடிந்த கணக்கை மாற்ற முடியாது. காப்புறுதிக்காரர்கள் உங்கள் கணக்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். அடுத்த ஆறு மாதம் பார்ப்போம்."

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே மனைவியின் முழங்காலையல்லவா சுட்டது? மனுசன் வெட்கத்தில் குறுகிப்போனார்.

இப்போது மத்தியானமானால் சண்முகலிங்கம் சூடாக்கிய சோற்றைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறுகிறார். மங்களேஸ்வரி கவிழ்த்த வாளியில் காலை நீட்டியபடி வாங்கிக்கொள்வார். முதல்நாளே கேட்டார்:

"இஞ்சாருங்கோ, எனக்குச் சோறு கொண்டந்த நேரத்தை எழுதிப்போட்டியளோ?"

"இல்லையப்பா."

"எழுதுங்கோ. நீதி எண்டால் நீதி."

எழுதினார். சண்முகலிங்கம், கால்மணி, வேலையில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை இருக்கிறதே, அது தானாக நடந்து வந்ததா? கொண்டுவந்து வைத்தவரின் நேரத்தை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்?