கிழங்குத் துண்டுக்கு ஓர் அனுமதிப் பத்திரம்

பத்து மாதக் குழந்தைக்குப் பசிக்கும் என்பதில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எந்த விதியின் கீழ் பசிக்கிறது என்பதில்தான் சிக்கல்.

என் அத்தான் முத்துக்குமாரு ரயில்வே கந்தோரில் தலைமைக் குமாஸ்தா. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் போன வண்டி அடுத்த ஸ்டேஷனைச் சேர்ந்தது என்று 'லைன் கிளியர்' செய்தி வராமல் பின்னால் இன்னொரு வண்டியை விடக்கூடாது என்ற விதியைப் பதினெட்டு வருஷமாகக் காத்து வருபவர். அவர் காவலில் இரண்டு வண்டிகள் மோதியது கிடையாது. ஆகவே தம் மகள் புனிதவதியின் தொண்டையையும் அதே விதியின் கீழ்க் கொண்டுவந்தார். தொண்டையும் ஒற்றைப் பாதைதானே.

காரணம் இல்லாமல் இல்லை. ஏழாம் மாதத்தில் புனிதவதி கையில் அகப்பட்ட பிஸ்கட்டைக் கடித்து மூன்று முறை இருமினாள். நான்காவது முறை சிரித்தாள். அத்தான் எழுதிய விபத்து அறிக்கையில் இருமல் மூன்று பிரதிகளில் இருக்கிறது. சிரிப்பு ஒரு பிரதியிலும் இல்லை.

அன்று முதல் துணியில் வடிகட்ட முடிந்தது எதுவோ அதுவே அவள் உணவு. டின் பால், பார்லித் தண்ணீர், வடித்த சவ்வரிசிக் கஞ்சி. ஒரு கரண்டி உள்ளே போனதும் என் அக்கா பூமணி குழந்தையின் வாயைத் திறந்து பார்த்து, "லைன் கிளியர்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த கரண்டி புறப்படலாம். எட்டாவது கரண்டிக்குள் கஞ்சி ஆறிவிடும். குழந்தை வீரிட்டு அழும். அழும்போது வாய் அகலத் திறந்திருக்கும். ஆனாலும் சிக்னல் விழவில்லை என்று அத்தான் கரண்டியைப் பிடித்துக்கொள்வார்.

சிங்கப்பூர்க் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு நான் வந்து இறங்கியபோது புனிதவதிக்கு ஆறு பற்கள். கடிக்க ஒன்றும் இல்லாததால் என் வளையலையும் தோளையும் கடித்தாள். போன தடவை தூக்கியதைவிட லேசாக இருந்தாள்.

"பசியிலைதான் அழுறாள் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா அடுப்படியில் குரலைத் தாழ்த்தி. "உன்ரை அத்தானுக்கு அது சத்தம். எனக்கு அது பசி."

"நீ குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்து ஏதும் நடந்திட்டால்? அந்த மூண்டு இருமலும் இன்னும் என்ரை காதிலை நிக்குது."

பயம் இருவருக்கும் இருந்தது. அத்தானின் பயத்துக்கு மட்டும் இலாகா இருந்தது.

குவார்ட்டர்ஸ் நாகரிகமும் அத்தான் பக்கமே. எங்கள் வரிசையில் ஒரு குடும்பத்தின் அந்தஸ்தைப் பின்வாசலில் அடுக்கி வைத்த காலிப் பால் டின்களைக் கொண்டு மதிப்பிட்டார்கள். சோறு பிசைந்து ஊட்டியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டினார்கள். டின்னில் ஒரு கொழுத்த வெள்ளைக்காரக் குழந்தையின் படம் இருந்தது. அது அந்தப் பாலைக் குடித்துத்தான் கொழுத்ததா என்று கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது.

எங்கள் பின்வாசலுக்கு நேர் எதிரே, கூலியாட்கள் குடியிருந்த லயத்து மாரியாயி தினமும் காலையில் எங்கள் சாக்கடைக் கால்வாயைக் கூட்டுவாள். அவள் மகன் நாகையா மரத்தடியில் விரித்த சாக்கில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துத் தின்றுகொண்டிருப்பான். அவனுக்கும் பத்து மாதம். பல் இரண்டே இரண்டு.

"அத்தான், அங்கை பாருங்கோ," என்றேன் ஒரு நாள். "அந்தப் பிள்ளைக்கும் ஒரு தொண்டைதான்."

அத்தான் பார்த்தார். "ஆர் அவனுக்குச் சாப்பாடு தீத்துறது?"

"அவன் தானே எடுத்துச் சாப்பிடுறான்."

"அதுதான் பிழை." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "கரண்டி எண்டால் பொறுப்பான ஆளின்ரை கையிலை இருக்கு. துண்டை அதின்ரை கையிலையே குடுத்தால், எப்ப புறப்படுறது, எவ்வளவு வேகத்திலை போறது எண்டதை அதுதான் தீர்மானிக்கும். பரீட்சை எழுதாத ஆளிட்டை எஞ்சினைக் குடுக்கலாமோ?"

"பத்து மாதப் பிள்ளை என்ன பரீட்சை எழுதும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்," என்றார், வழக்கு முடிந்துவிட்டது போல.

நான் விடுவேனா? நான்கு நாள் வாதாடினேன். பல் எதற்கு முளைக்கிறது என்று கேட்டேன். குழந்தை துண்டைத் தன் நாவாலேயே முன்னுக்குத் தள்ளிவிடும் என்று கல்லூரி நூலகத்துப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். ஐந்தாம் நாள் அத்தான் ஒரு படி இறங்கி வந்தார். "மேலிடத்திலையிருந்து எழுத்திலை வரட்டும். அப்ப குடுப்பம்."

மேலிடம் என்பது கிள்ளானில் இருந்த பால போஷணைக் கந்தோர். குழந்தைகளை நிறுத்துப் பார்த்து எடையைப் பதிவு செய்வது அதன் பணி. எடை குறைந்தால் குறைந்தது என்று பதிவு செய்யும்.

அன்றே மனுவை எழுதினேன். நன்றாகவே எழுதினேன். வெறுமனே புனிதவதிக்காகக் கேட்பது சுயநலமாகத் தோன்றியதால், "சாதி, உத்தியோகம், குடியிருப்பு என்ற வேற்றுமை பாராமல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே தெளிவான விதி வேண்டும்" என்று முடித்தேன். அந்த வாக்கியத்தை அக்காவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் மனு கவனத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆயினும் அதில் கண்ட 'துண்டு' என்பதன் நீளம், அகலம், கனம் கூறப்படவில்லை. அது அவித்ததா, அவிக்காததா, குழந்தை அதை வலது கையால் பிடிக்குமா, இடது கையாலா என்ற விவரங்களைத் தெரிவிக்கவும்.

தெரிவித்தேன். அவித்த கிழங்கு, இரண்டு அங்குலம், பெரியவர் விரல் பருமன், இரு விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். கை, குழந்தையின் இஷ்டம். 'இஷ்டம்' என்பது நிர்வாக ரீதியாக ஏற்கத்தக்கதல்ல என்று மறு வாரம் பதில் வந்தது. இதற்குள் புனிதவதிக்குப் பதினோரு மாதம் நிறைந்தது. கந்தோர்ப் பதிவில் அவள் எடை மறுபடி குறைந்திருந்தது. மிகவும் சுத்தமான கையெழுத்தில் குறைந்திருந்தது.

கடைசியில் நேரடிப் பரிசோதனைக்கு இன்ஸ்பெக்டர் தம்புசாமி வந்தார். கையில் அடிக்கோலும் ஒரு நீண்ட படிவமும். அக்கா அவித்து வைத்த கிழங்குத் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்று கால் அங்குலம் கூடுதலாக இருந்ததால் அதைத் தாமே சாப்பிட்டுவிட்டார்.

"முதல் தடவைங்கிறதால கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு, ஐயா," என்றார் அத்தானிடம். "உங்க பிள்ளைக்குக் குடுத்து ஏதாச்சும் ஆயிட்டா ரெக்கார்டு கெட்டுப் போகும். வேற பிள்ளை ஏதும் இருக்கா?"

இரண்டு பேர் கண்களும் பின்வாசலைத் தாண்டி மரத்தடிக்குப் போயின.

"சரிதான்," என்றார் அத்தான். "புதுப் பாதையிலை முதலிலை சரக்கு வண்டியைத்தான் விடுறது. பயணிகள் வண்டி பிறகு."

மாரியாயி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். "எம் புள்ள தொண்டையும் தொண்டைதானுங்க," என்றாள்.

"யார் இல்லேன்னது? அதனாலதான் கேக்குறோம்," என்றார் தம்புசாமி பெருந்தன்மையோடு.

"அவன் நாலு மாசமா தின்னுக்கிட்டுதான் இருக்கான். நீங்க இப்பத்தான் பாக்குறீங்க. பாத்துக்குங்க."

நாகையாவைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். அவன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றுதான். தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிழங்கை எடுத்தான். இடது கையால் எடுத்தான். தம்புசாமி குறித்துக்கொண்டார். முதல் துண்டு போயிற்று. இரண்டாவதில் அவசரப்பட்டுப் பெரிதாக வாய்க்குள் தள்ளி, முகம் சிவந்து, 'க்கே' என்று இருமினான்.

படிவம் கீழே விழுந்தது. அத்தான் எழுந்து கதவுப் பக்கம் இரண்டடி போய்விட்டார். தம்புசாமி அடிக்கோலை முன்னால் நீட்டினார், எதற்கென்று அவருக்கே தெரியாது. நானோ புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மாரியாயி மட்டும் அசையவில்லை. மகன் முகத்துக்கு நேரே குனிந்து, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருமுறான்ல, இருமட்டும். சத்தம் வருதுன்னா மூச்சு இருக்கு. சத்தம் நின்னாத்தான் நான் கை வெப்பேன்." நாகையா நாக்கைச் சுழற்றித் துண்டை வெளியே தள்ளினான், அதை உற்றுப் பார்த்தான், மறுபடி வாயில் போட்டுக்கொண்டான்.

"இப்ப இதை இருமல் எண்டு பதியிறதா, இல்லாட்டி..." என்று அத்தான் ஆரம்பித்தார். "இருமல்னா மூணு பிரதி வேணும், ஐயா," என்றார் தம்புசாமி. இது விபத்தா, சம்பவமா என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். கால் மணி நேரம் பேசினார்கள்.

அக்கா தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். மடியில் இருந்த புனிதவதியை நிமிர்த்தி உட்கார வைத்து, மாரியாயியை ஒரு முறை பார்த்தாள். மாரியாயி தலையை அசைத்தாள். துண்டு கை மாறியது. புனிதவதி அதை மூக்கில் தேய்த்தாள், கன்னத்தில் தேய்த்தாள், கடைசியில் வாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். ஆறு பல்லும் நான்கு மாதம் கழித்து வேலைக்குப் போயின. அக்கா அவள் வாயைத் திறந்து பார்க்கவில்லை. தன் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

பேச்சு முடிந்து அத்தான் திரும்பியபோது தட்டில் நார்தான் மிச்சம்.

"ஆர் உத்தரவு குடுத்தது?" என்றார்.

"லைன் கிளியர் எண்டு போட்டுக்கொள்ளுங்கோ," என்றாள் அக்கா.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வெற்றி பெற்றவர்கள் அங்கதம் எழுதுவதில்லை.

மூன்று வாரத்தில் கிள்ளானிலிருந்து சுற்றறிக்கை வந்தது. "மனுதாரர் கோரியபடி, சாதி, உத்தியோகம், குடியிருப்பு என்ற வேற்றுமை பாராமல்" என்று அது தொடங்கியது. என் வாக்கியம், ஓர் எழுத்து குறையாமல். நான்கு பற்கள் முளைத்து, சாய்மானமுள்ள நாற்காலியில் அமரக்கூடிய குழந்தைகளுக்கு மட்டுமே துண்டு உணவு அனுமதிக்கப்படும். அனுமதிப் பத்திரம் இல்லாமல் கையில் துண்டு வைத்திருக்கும் குழந்தையின் பெற்றோரைப் பற்றி அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அறிவிக்கப்படும். தகுதி பெறாத குழந்தைகளுக்கு டின் பால் சிபாரிசு செய்யப்படுகிறது.

முதல் எண் பத்திரம் புனிதவதிக்குக் கிடைத்தது. அத்தான் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். எங்கள் வரிசையில் இப்போது டின்களுக்குப் பதிலாகப் பத்திரங்களைக் கூடத்தில் மாட்டினார்கள். இன்னும் பத்திரம் வராதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தம்புசாமி அடிக்கோலோடு லயத்துப் பக்கம் போய்வரத் தொடங்கினார். லயத்தில் சாய்மானமுள்ள நாற்காலி ஒன்றுகூட இல்லை.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாரியாயி பின்வாசலுக்கு வந்தாள். இடுப்பில் நாகையா. அழுது அழுது அவன் தொண்டை கட்டியிருந்தது.

"எல்லாப் புள்ளைக்கும் ஒரே சட்டம் வேணும்னு எழுதிக் கேட்டது நீங்கதானாமே, சின்னம்மா?"

"ஓம், ஆனால் நான் எழுதினது..."

"இன்ஸ்பெட்டரு படிச்சுக் காட்டுனாரு. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

பழக்கத்தினால், "இன்னொரு மனு எழுதுறன், மாரியாயி. இப்பவே எழுதுறன்," என்றேன்.

"வேணாம்லா," என்றாள் அவள் அவசரமாக. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கிழங்கு இருந்தது. "எழுதாதீங்க. வாசல்ல நின்னு அந்த ஆளு வர்றாரான்னு மட்டும் பாத்துக்குங்க. இவன் தின்னு முடிக்கட்டும்."

கல்லூரியில் தர்க்கத்துக்குப் பரிசு வாங்கிய நான் அரை மணி நேரம் தெருவைக் காவல் காத்தேன். எனக்குப் பின்னால், கதவு மறைவில், இரண்டு பல் முளைத்த ஒரு குற்றவாளி சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தான்.