சீர் பிரிட்ஜில் ஐஸ் ஏறியது குறித்துச் சம்பந்திக்கு

நெய்வேலி நகரியம்

மேல்பட்டாம்பாக்கம் சம்பந்தி கொளஞ்சிநாதன் அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்த சிங்காரவேல் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி பெரியநாயகியும் மகள் மலர்விழியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை சிவசங்கரும் ஒரு குறைவுமின்றி இருக்க வேண்டுகிறோம்.

போன வாரம் தாங்கள் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பிய இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பிரிட்ஜ், முன்னால் டிரைவர் பக்கத்தில் என் மகள். "ஐஸ் மல மாரி ஏறுது, ஃப்ரீஸரே தெறக்கல. நெய்வேலிக்காரங்க குடுத்தது எல்லாமே இப்புடித்தான். ரெண்டையும் சரி பண்ணி அனுப்புங்க" என்று போனில் சொன்னீர்கள். கரண்டுக்குப் பஞ்சமில்லாத ஊரில் வாங்கிய பிரிட்ஜுக்கு உங்கள் ஊர் கரண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று சம்பந்தியம்மா போனைப் பிடுங்கி விளக்கம் வேறு சொன்னார்கள். காலமெல்லாம் சுரங்கத்தில் மிஷினோடு மாரடித்தவன் நான். இருந்தாலும் பெண்ணைக் கொடுத்தவன் வாயைத் திறக்கலாமா, "சரிங்க, சரிங்க" என்றேன். மறுபடியும் போன் பிடுங்கப்படும் என்றுதான் இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்க்கும் என் சினேகிதன் அன்புச்செல்வன் ஷிப்ட் முடிந்து நேராக வந்துவிட்டான். எங்கள் வேலையில் எந்த மிஷினைத் தொட்டாலும் முதலில் கரண்டை நிறுத்தி, சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். பழக்க தோஷம், பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி சுவிட்சில் "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்று அட்டை மாட்டிவிட்டான். "பொண்ணு வாழாவெட்டியா வந்து நிக்குது, ரெண்டு பேரும் அட்ட மாட்டிகினு வெளையாடுறீங்களா?" என்று பெரியநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். ஐஸைக் கத்தியால் குத்தினால் குழாய் ஓட்டையாகி கேஸ் போய்விடும் என்று டேபிள் ஃபேனை வைத்துக் கரைத்தோம். ஹாலெல்லாம் தண்ணி. ஐஸ் விட விட வஞ்சிரம் வந்தது, எறா வந்தது, பால்கோவா வந்தது. துடைப்பத்தோடு நின்ற மலர்விழி எட்டிப் பார்த்து, "இதெல்லாம் உள்ள இருந்துச்சாப்பா?" என்றாள். அவளுக்குச் சீராக நான் வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ் அது, சம்பந்தி.

அப்புறம் அன்புச்செல்வன் கதவோரமாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றான். அங்கே திருகாணி முடுக்கி, பூட்டு மாட்ட ஒரு கொண்டி. "அண்ணே, இத இழுத்து இழுத்துப் பூட்டி கதவு கோணிகினு கெடக்குது. ரப்பர் கிழிஞ்சிபோச்சி. வெளிக்காத்து உள்ள பூந்தா ஐஸ் ஏறாம என்ன ஏறும்?" ஒரு தாளைச் சொருகிக் கதவைச் சாத்தி இழுத்தான், சும்மா வழுக்கிகினு வந்தது. எதுக்குங்க பூட்டு? வூட்டுக்கு வந்த மருமவ ஒரு டம்ளர் பால் குடிச்சா குடி முழுவிப்போயிடுமா? சாவி சம்பந்தியம்மா இடுப்புலயாம், மலர்விழி இப்பதான் சொல்றா. வெயில்ல வந்து ஜில் தண்ணி கேட்டா, கொழாத் தண்ணி குடிக்கச் சொல்வாங்களாம். மாப்பிள்ள அத பாத்துகினே செல்ல நோண்டிகினு இருப்பாராம். வயிறு எரியுதுங்க! பொண்ணக் குடுத்தமா, இல்ல உங்க வஞ்சிரத்துக்குக் காவலுக்கு ஆள் அனுப்புனமா?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கொண்டியைக் கழற்றி, கதவை நிமிர்த்தி, புது ரப்பர் போட்டாயிற்று. இப்போது பொட்டு ஐஸ் ஏறவில்லை. கொதிக்கிற குழம்புச் சட்டியை அப்படியே உள்ளே தள்ள வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் பணிவுடன் சொல்லவும். புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. பிரிட்ஜையும் மலர்விழியையும் நானே கொண்டுவந்து விடுகிறேன். பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொள்ள வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி.

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
சிங்காரவேல்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை மலர்விழிக்குப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "பிரிட்ஜ மட்டும் ஏத்தி உடுங்கப்பா. நான் போவல" என்றாள். ஊர் என்ன பேசும் என்று ஆரம்பித்தேன். "அந்த ஊரு போயி அந்த வூட்டுல குடும்பம் பண்ணட்டும்" என்று பெரியநாயகி என் வாயை அடைத்துவிட்டாள். ஆகையால் புதன்கிழமை பிரிட்ஜ் மட்டும் வரும். இறக்கி வைக்க ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், நானும் வரவில்லை.