நாமக்கல் போன டயர்

என்னோடு கடைக்கு வர எங்கள் வீட்டில் யாருக்கும் பிரியமில்லை. ஒரு குடை வாங்கப் போனால் விரிப்பேன், மடக்குவேன், கம்பியை வளைத்துப் பார்ப்பேன், துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவேன். கடைசியில் கடைக்காரரிடமே ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பேன் (குடிக்க இல்லை, குடை மேல் ஊற்றிப் பார்க்க). பை, பெட்டி, தூக்குப்போசி எதுவானாலும் இதே கதிதான். வழியில் காலை வாரிவிடக் கூடாது, வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். இந்தப் புத்தியோடு நான் முதன்முதலில் வாங்கிய சாமான், ஊரையே எங்கள் வாசலில் கூட்டித் தரையைப் பார்க்க வைத்துவிட்டது.

அப்போது யுத்த காலம். ட்ரெயினிங் முடித்த கையோடு நாமக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். வண்டித்தடத்தில் இரண்டு மைல் நடந்தால் மெயின் ரோடு, அங்கே புளியமரத்தடியில் பஸ் நிற்கும். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி எரித்து அந்த வாயுவில் ஓடிய பஸ் அது. பின்னால் ஒரு பீப்பாயைச் சுமந்துகொண்டு இருமி இருமிப் போகும். மேட்டில் மூச்சு வாங்கினால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். வெள்ளைப் புடவையில் ஏறினால் சாம்பல் புடவையில் இறங்கலாம்.

அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. கல்யாணமாகாத பெண் தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போவது எங்கள் பக்கத்தில் அதுவரை நடந்திராத சங்கதி. பத்து நாள் முறைப்புக்குப் பிறகு ஒருநாள் காலையில், "போய்ட்டு வா அம்மணி. ஆனா ஊருக்குள்ள உன்னப் பத்தி ஒத்தப் பேச்சு கெளம்புச்சுன்னா, அன்னிக்கே நின்னுக்கோணும்" என்றார். என்ன பேச்சு கிளம்பிவிடப் போகிறது என்ற தைரியத்தில் நானும் தலையாட்டினேன்.

பேச்சுக்கு முன்னால் செருப்பு கிளம்பியது. அந்த வண்டித்தடம் முழுக்கச் சுக்கான் கல்லும் கருவேல முள்ளும்தான். சேலத்தில் வாங்கிய அருமையான தோல் செருப்பு இரண்டு மாதத்தில் வாயைப் பிளந்தது. அடுத்த ஜோடியில் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்தேன். அன்றிலிருந்து பஸ்ஸில் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுக் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். எந்தச் செருப்பு, எங்கே வாங்கியது, எத்தனை நாளாக உழைக்கிறது என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டேன். (ஒரு பெரியவர், நான் அவர் காலில் விழ வருகிறேன் என்று நினைத்து ஆசீர்வாதமே செய்துவிட்டார்.) கடைசியில் கிடைத்த பதில் ஒன்றுதான்: மோட்டார் டயரில் அறுத்த செருப்பு.

ராசிபுரம் சந்தையில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் ஒரு டயரை அப்போதுதான் அறுத்துப் போட்டிருந்தார். நல்ல நாளிலேயே டயர் அபூர்வம், யுத்தத்தில் கேட்கவே வேண்டாம். வண்டியில் வந்த யாரோ சாலைப் பள்ளத்தில் கிடந்ததாகக் கொண்டுவந்து அவரிடம் விற்றுவிட்டுப் போனாராம். பெண்களுக்கு டயரின் பக்கவாட்டுத் துண்டு போதும், லேசாக இருக்கும் என்று அவர் எடுத்துக் காட்டினார். எனக்கு அது போதவில்லை. நடுத்துண்டுதான் வேண்டும், பள்ளமும் மேடுமாக வரி இருக்க வேண்டும், வரி கீழ்ப்பக்கம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"இந்த எடத்துல ஒட்டுப் போட்டிருக்குதுங்க, வேற துண்டு பாக்கலாமுங்க" என்றார் அவர்.

ஒட்டுப் போட்ட இடம் என்றால் இரண்டு மடங்கு கனம், இரண்டு மடங்கு ஆயுசு. இது கூடத் தெரியவில்லையே என்று அவருக்காக இரக்கப்பட்டு, அந்த வட்ட ஒட்டு சரியாக என் இடது குதிகாலுக்கு வரும்படி அறுக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, விரல் பக்கமும் குதிகால் பக்கமும் சதுரமாகவே அறுத்து, வார் வைத்துக் கொடுத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, முள் எதுவும் அதைத் துளைக்க முடியவில்லை. காலைத் தூக்க என்னாலும் முடியவில்லை. அவ்வளவு கனம். அதனால் இரண்டு காலையும் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தேன். இந்த அவலட்சணம் அப்பா கண்ணில் படாமல் இருக்கச் செருப்பை வாசலோரத்து மாட்டுக்கொட்டாய் மூலையில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போவேன்.

ஒரு வாரத்துக்குள் எங்கள் ஊருக்கு மோட்டார் வந்துவிட்டது.

முதலில் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு மாமா. வண்டித்தடத்துப் புழுதியில் வரிவரியாக டயர் தடம். அதுவும் இரண்டு கோடு, நடுவே ஒரு சாண் இடைவெளிதான். இவ்வளவு ஒடிசலான மோட்டாரில் ஆள் எப்படி உட்காருவான்? வரப்பு மேல் ஓட்டுவதற்கென்று யுத்தத்துக்காகச் செய்திருப்பார்கள் என்றார் மாமா. அவரும் அப்பாவும் தினமும் காலையில் குனிந்து தடம் பார்ப்பார்கள், பல்குச்சி வாயிலேயே காய்ந்துபோகும்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் எல்லாம் புரிந்திருக்கும். ட்ரெயினிங் முடித்த எனக்குப் புரியவில்லை. எல்லோரையும்விட ஆர்வமாக இருந்தவள் நான்தான். பள்ளிக்கூடத்து அடிக்கோலைக் கொண்டுவந்து தடத்தை அளந்தேன், படம் வரைந்தேன், வகுப்பில் பிள்ளைகளுக்கு அதை விளக்கவும் செய்தேன். மோட்டார் காலையில் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறது என்று கண்டுபிடித்தேன். நாய் படுத்திருக்கும் திருப்பத்தில் தடம் வளைந்து போவதைப் பார்த்து, ஓட்டுகிறவன் குடிகாரன் என்றும் தீர்மானித்தேன். நான் போய் வரும் அதே நேரத்தில் போய் வருகிற மோட்டார் ஒருநாளும் எதிரே வரவில்லையே என்பதுதான் பெரிய வருத்தம்.

பிறகு யாரோ கிணற்றடியில், அந்தத் தடம் எங்கே போய் நிற்கிறது என்று கேட்டுவிட்டார்கள். அது எங்கள் வாசலில் நின்றது. ஊரே வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனது.

அன்று சாயங்காலம் அப்பா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பொட்டப்புள்ள இருக்கற ஊட்டு வாசலுக்கு யாரோ மோட்டார்ல வந்துட்டுப் போறாங்கன்னு பேசறாங்க. நாளையிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரிப்புகையும் இரண்டு மைல் முள்ளும் சேர்ந்த அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எந்தப் பாவி மோட்டாரோ என் பிழைப்பைக் கெடுக்கிறதே என்று ஆத்திரமும் வந்தது. ஒரே ஒரு தடவை, நாளைக் காலையில் நாம் இரண்டு பேரும் தடத்தோடு போய் அது யாருடையது என்று பார்த்துவிடலாம் என்று கெஞ்சினேன். அப்பாவுக்கும் உள்ளூர அந்த மோட்டாரைப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை. சரி என்றார்.

விடிந்ததும் கிளம்பினோம். நான் முன்னால் குனிந்துகொண்டு, இங்கே திரும்பியிருக்கிறான் பாருங்கள், இங்கே தடுமாறியிருக்கிறான் பாருங்கள் என்று விளக்கிக்கொண்டே போனேன். அப்பா பின்னால் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் 'ம்' நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்த தரையையும் பின்னால் இருந்த தரையையும் அவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் முந்தின சாயங்காலத்து இரண்டு கோடு மட்டும் இருந்தது. நான் கடந்து வந்த இடத்தில் நான்கு கோடு இருந்தது.

"அம்மணி, ஒரு காலத் தூக்கு."

தூக்கினேன். அப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. இதை ஊருக்குள் எந்த வாயால் சொல்வது என்று முனகினார். பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. புளியமரம் வரை நடந்தோம்.

அங்கே பஸ் நின்றிருந்தது. டிரைவர் கந்தசாமி மரத்தடியில் குந்தி, புழுதியில் டயர் வரிக்கு நடுவே பதிந்திருந்த ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் முன்பு பஸ்ஸின் மாற்று டயர் எங்கேயோ கழன்று விழுந்து காணாமல் போயிருந்தது. அவரே விற்றுவிட்டார் என்று முதலாளிக்குச் சந்தேகம். பாவம், மனிதர் நொந்துபோயிருந்தார்.

நான் காலைத் தேய்த்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும், "டீச்சரம்மா, அந்த எடது காலக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

பஸ் ஜன்னலில் இருந்த தலைகளெல்லாம் வெளியே நீண்டன. நான் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு, லாடம் அடிக்கக் கொண்டுவந்த மாடு மாதிரிக் காலைத் தூக்கி நின்றேன். கந்தசாமி வட்ட ஒட்டை ஆசையாகத் தடவினார்.

"இது நான் என் கையால போட்ட ஒட்டுங்க. கழட்டிக் குடுங்க, மொதலாளிகிட்டக் காட்டோணும்."

கண்ணில் நீரோடு வாரில் கை வைத்தேன். அப்போது அப்பா முன்னால் வந்தார்.

"ஏனுங்க, இந்த டயரு எதுக்கு வாங்குனதுங்க?"

"நாமக்கல் போறதுக்குத்தானுங்க."

"அது நாமக்கல் போய்க்கிட்டுத்தான இருக்குது? கழட்டாத அம்மணி. ஏறு."

பஸ்ஸே சிரித்தது. கந்தசாமியும் சிரித்துவிட்டார். நாமக்கல்லில் முதலாளியிடம் காலைக் காட்டிச் சாட்சி சொன்னால் போதும் என்று ஒப்புக்கொண்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் அப்பா சொன்ன 'ஏறு' எனக்கு உறைத்தது. வேலை பிழைத்தது என்று அர்த்தம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நன்றாக அழுதேன்.

அவமானம் அதோடு முடியவில்லை. நாமக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பஸ்ஸின் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கினோம். மாட்ட வேறு டயர் இல்லை. அத்தனை பேரும் என் காலையே பார்த்தார்கள். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கோடு இழுத்தபடி நடக்க ஆரம்பித்தேன். அன்று பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே அதன் டயர் நாமக்கல் போய்ச் சேர்ந்துவிட்டது.

கதையை ஊரில் பரப்பியவர் அப்பாதான், யாரும் கேட்காமலே. கல்யாணமாகி ஓமலூர் போன பிறகும் 'டயர் டீச்சர்' என்ற பெயர் எனக்கு முன்னால் அங்கே போய்க் காத்திருந்தது. அப்பா சொன்ன வார்த்தை வீட்டில் இன்னும் புழங்குகிறது. யாருடைய சாமானை யார் எடுத்துப் போனாலும் அதைத்தான் சொல்கிறார்கள். போன வாரம் நான் தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்கிய குடையைக் காணோம். வீடெல்லாம் தேடினேன். சாயங்காலம் மகள் அதை மடக்கியபடி படியேறி வந்தாள். ஏண்டி, கேட்டுவிட்டு எடுக்கக் கூடாதா என்றேன்.

"தொலஞ்சா போச்சு? நாமக்கல் போய்க்கிட்டுத்தானம்மா இருக்குது" என்றாள்.